நாலாம் மாடிச் சத்தம்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சளி விட்டது, மற்றபடி சுகமாக இருக்கிறேன். உன் முதுகுவலி, அத்தானின் பஸ், அம்மாவின் கோபம், இந்த மூன்றும் இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பழைய ஆபீஸ், ஆறு மாடி. ஆட்களெல்லாம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். இதை விற்கும்வரை பார்த்துக்கொள்ள ஒருவன் வேண்டும், அந்த ஒருவன் நான். காலையில் திறந்து மாலையில் பூட்டுகிறேன். ஆளில்லாத கட்டடத்தில் அப்படி என்ன வேலை என்று கேட்பாய். ஜன்னல்களைத் திறந்து மூடவேண்டும். ஒவ்வொரு மாடியிலும் எல்லாக் குழாய்களையும் கொஞ்ச நேரம் ஓடவிடவேண்டும். விடாவிட்டால் வாஷ்பேசினுக்கு அடியில் வளைந்த குழாயில் நிற்கிற தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் மேலே வந்துவிடும். மேனேஜர் முதல் நாளே சொன்னார்: "தண்ணி நிக்கிற வரைக்கும்தான்பா நாத்தம் கீழயே இருக்கும். வத்துச்சோ, மொத்தக் கட்டடமும் நாறிடும்."

லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுகிறேன். அம்மா இருந்தால், "கழுதை வருது, படி உடையப்போகுது" என்பாள்.

ஒரு விஷயம். நாலாம் மாடியில் ஒரு சத்தம் கேட்கிறது. மனிதக் குரல் இல்லை. கன்றுக்குட்டி ஒன்று வாயில் துணியை வைத்துக்கொண்டு கத்துகிற மாதிரி. தனியாக நின்று கேட்கும்போது முதுகு சில்லிடுகிறது. மேனேஜரிடம் சொன்னேன். "ஆபீஸ் நடந்தப்போ இதைவிட மோசமான சத்தமெல்லாம் அந்த மாடியில கேட்டிருக்கேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவிடம் சொல். அவள் மாமாவின் காலைப் பிடித்து மரக்கடையில் வாங்கிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு வந்தது என் தப்புதான். ஆனால் வாசலில் நின்று, "இனிமே உன்னோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்றாளே, அது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அவள் "வா" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுத்த ரயிலில் வருகிறேன். சொல்லாவிட்டால் வரமாட்டேன். நானும் அவள் வயிற்றில் பிறந்தவன்தான், எனக்கும் பிடிவாதம் உண்டு.

அன்புத் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலைக்கு மேல் வேலை.

சத்தம் என்று எழுதியிருக்கிறாயே, பூனையாக இருக்கும். போய் ஒழுங்காகப் பார். உனக்குச் சின்ன வயதிலிருந்தே எலி ஓடினால் திருடன், பூனை கத்தினால் புலி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று உன்னைப் பார்த்துத்தான் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

தையல் மிஷினை முன்னறையிலிருந்து அம்மாவின் அறைக்கு மாற்றிவிட்டேன். அங்கே ஜன்னல் பெரியது, வெளிச்சம் நன்றாக விழுகிறது. அத்தான் காலை டிரிப்புக்கு மாற்றி வாங்கிக்கொண்டார். மதியமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவர் இருந்தால் ஒரு கை கூடுதல்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. "வா" என்று சொல்லச் சொன்னாய், அதையும் படித்தேன். நீ உன் பிடிவாதத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. இதற்கு மேல் என்ன எழுதுவது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி ஒழுங்காகப் பார்த்தேன். பூனை இல்லை. பூனை "மியாவ்" என்னும், இது அப்படிச் சொல்வதே இல்லை. நாலாம் மாடியில் டீ போடுகிற அறையின் சுவருக்குப் பின்னால், மேலிருந்து கீழ்வரை குழாய்கள் இறங்குகிற ஒரு சந்து இருக்கிறது. அதற்கு இடுப்பளவில் ஓர் இரும்புக் கதவு. பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது, சாவியும் இல்லை. சத்தம் அதற்குள்ளிருந்துதான் வருகிறது. கதவுக்குக் கீழே கை நுழைகிற அளவு இடைவெளி. அதில் ரொட்டியைப் பாலில் நனைத்து ஒரு தட்டில் வைத்துத் தள்ளிவிட்டு வந்தேன். மறுநாள் தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது. என்ன பிராணி என்று இன்னும் தெரியாது. மேனேஜர், "பாலுக்குக் கம்பெனி பணம் தராது, பேய்க்குன்னா கேட்டுப் பாக்கறேன்" என்கிறார்.

வந்ததிலிருந்து அம்மாவின் குரலைக் கேட்கவில்லை. திட்டினாலும் பரவாயில்லை. நம் வீட்டுக்குக் கீழே மருந்துக்கடையில் போன் இருக்கிறதல்லவா. வரும் மாதம் முதல் ஞாயிறு காலை அங்கே கூப்பிடுகிறேன். அம்மாவைக் கீழே அழைத்து வா. ரிசீவரை அவள் காதில் வை, அது போதும். "கழுதை" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வைத்துவிடட்டும்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ போன் செய்ததாகவும், ரொம்ப நேரம் காத்திருந்ததாகவும் மருந்துக்கடைக்காரர் வந்து சொன்னார். அம்மா கீழே இறங்கி வரவில்லை. அவளை விட்டுவிட்டு நான் மட்டும் வந்து என்ன பேசுவது என்று நானும் வரவில்லை. மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன்னை ஒன்று கேட்கவேண்டும். அந்தச் சத்தம் பசியா, வலியா, சும்மாவா என்று உனக்கு எப்படித் தெரிகிறது? வாயைத் திறந்து சொல்லாத ஒன்று என்ன கேட்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நீ அங்கே நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவன். யோசித்து, விவரமாக எழுது.

இன்னொன்று. அது நிறுத்தாமல் கத்தும்போது உனக்குக் கோபம் வருமா? வந்தால் என்ன செய்வாய்?

வேலையில் கவனமாக இரு.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இரண்டு பக்கம் எழுதினால் நீ பத்து வரி எழுதுகிறாய். அந்தப் பத்து வரியிலும் பாதி என் பூனையைப் பற்றி. (பூனை இல்லை. பெயர் வேறு இல்லாததால் அப்படி எழுதுகிறேன்.) அம்மா கீழே வரவில்லை என்பதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க எனக்கு எதுவும் ஓடவில்லை. கல்லுளிமங்கன் கூட இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டான். போகட்டும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சத்தம் வந்ததும் ஓடக்கூடாது. ஓடினால் நம் சத்தம்தான் நமக்குக் கேட்கும். கதவோரம் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றை மாற்றிப் பார்க்க வேண்டும். உணவு வைத்ததும் நின்றால் அது பசி. முதலாவது சத்தம் அப்படி, நீளமாக இழுத்துக்கொண்டே போகும். இரண்டாவது சத்தம் உள்ளுக்குள்ளேயே அரைபடும். உணவு வைத்தாலும் நிற்காது. ஒருநாள் எதேச்சையாக ஜன்னலைச் சாத்தினேன், நின்றுவிட்டது. குளிர்காற்று அந்தச் சந்துக்குள் போயிருக்கிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. நான் படியேறும்போது, நாலாம் மாடிக்கு வருவதற்கு முன்பே கேட்கும். குட்டையாக, இரண்டு தடவை. அவ்வளவுதான், பிறகு பேச்சே இல்லை. அது எதையும் கேட்கவில்லை அக்கா. "வந்துட்டியா" என்கிற மாதிரி. மேனேஜர் மெல்ல நடப்பவர், அவர் ஏறும்போது அது கத்துவதில்லை.

கோபம் வருமா என்றால், வரும். ஒருநாள் என்ன செய்தும் நிறுத்தவில்லை, கதவை எட்டி உதைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் சத்தமே இல்லை. அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டது எனக்கு ஒட்டவில்லை. வாயில்லா ஜீவன் என்று சும்மாவா சொன்னார்கள். அதனால் கோபம் வந்தால் இப்போதெல்லாம் மூன்றாம் மாடிக்கு இறங்கிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறேன்.

இதெல்லாம் உனக்கு எதற்கு? வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா?

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஒரு குறையுமில்லை என்று எழுத ஆசைதான். பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, யூனிஃபார்ம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. தைத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. சரியாகத் தூங்கி ரொம்ப நாளாகிவிட்டது.

நீ எழுதியது ரொம்ப உபயோகமாக இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்றாயே, அது சரியான யோசனை. நானும் உனக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். தண்ணீரை ஒரேயடியாகக் கொடுக்காதே, வலது கடைவாயில் வழிந்து கழுத்துவரை நனைத்துவிடும். ஸ்பூனால் இடது பக்கமாகக் கொடு, விழுங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடு. மோவாய்க்குக் கீழே ஒரு துண்டு வை. அந்த இரண்டாவது சத்தம் குளிரால் மட்டும் வருவதில்லை. ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தாலும் வரும். மெல்லத் திருப்பிவிட்டுத் தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தால் அடங்கிவிடும்.

உன் மூன்றாவது சத்தம்தான் எனக்குப் பிடிபடவில்லை.

அத்தான் உன்னை விசாரித்தார்.

அக்கா


மே 9

அக்காவுக்கு,

சுகம். நீங்கள் சுகமா என்று இந்தத் தடவை உண்மையாகவே கேட்கிறேன்.

நான் அந்தப் பிராணியை இதுவரை பார்த்ததே இல்லை. அதன் கடைவாய் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் கொடுத்ததாக நான் எழுதவே இல்லை. இரும்புக் கதவுக்குப் பின்னால் இருப்பதை நான் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பேன்? தலையணை வைப்பேன்?

அக்கா, யார் அது?

தம்பி


மே 24

அக்காவுக்கு,

பதில் வரவில்லை. மருந்துக்கடைக்குப் போன் செய்தேன். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். "அம்மாவை அந்த நிலைமையில விட்டுட்டு அவங்க எப்படிப்பா கீழ வருவாங்க" என்றார். "எந்த நிலைமையில?" என்றேன். "கடையில கூட்டம், அக்காகிட்டயே கேட்டுக்கப்பா" என்று வைத்துவிட்டார். அவர் கடையில் என்றைக்குக் கூட்டம் இருந்தது?

உன் பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். "எல்லோரும் இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாய். "சுகம்" என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. இத்தனை நாள் எனக்குக் கண் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

தம்பி


ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம், அத்தான் சுகம். அம்மா சுகமில்லை.

நீ ஊரைவிட்டுப் போன அதே வாரம் விழுந்தாள். முகம் கழுவப் போனவள் பேசினைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள். வலது கையும் காலும் வரவில்லை, வாய் கோணிவிட்டது, பேச்சு போய்விட்டது. ரத்தக் கொதிப்பாம், பல வருஷமாக உள்ளே இருந்ததாம், நீ போனதால் வந்தது இல்லையாம். இதை டாக்டரிடம் நானே மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நீ நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால்தான் முதலில் எழுதவில்லை. "பேச்சு திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்கிறார்.

அவளிடமிருந்து சத்தம் மட்டும் வருகிறது. அது என்ன சத்தம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை, நீ முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். அதைப் படித்துக் காட்டும்போது அந்த வரியைத் தாண்டிவிட்டேன். நீ நாலாம் மாடியில் கேட்டதை நான் இந்த அறையில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னால் பயப்பட முடிந்தது. எனக்குப் பயப்படக்கூட நேரமில்லை. ஒருநாள் நானும் உதைத்தேன். அவளை இல்லை, மிஷினை. அதற்கே அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதனால்தான் உனக்குக் கோபம் வருமா என்று கேட்டேன்.

நான் எழுதியதில் ஒரு பொய் கிடையாது, தேடிப் பார். அதுதான் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உன்மேல் எனக்குக் கோபம். நீ படி இறங்கிப் போய்விட்டாய், நான் மாட்டிக்கொண்டேன். "வா" என்று சொன்னால்தான் வருவேன் என்று நீ எழுதியபோது, இரு, அங்கேயே இரு என்று நினைத்தேன். இப்போது அந்தக் கோபத்துக்கும் தெம்பில்லை.

அம்மா அந்த வார்த்தையைச் சொல்லமாட்டாள். அவளால் முடியாது. அதற்குத்தான் காத்திருக்கிறாய் என்றால், காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான்.

நீ சொன்னபடி கேட்டுப் பழகினேன். பசி தெரிகிறது. திரும்பிப் படுக்கவேண்டும் என்பது தெரிகிறது. அந்த வகையில் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். மூன்றாவது சத்தத்துக்காகவும் காது வைத்துத்தான் இருந்தேன். நான் கடைக்குப் போய்விட்டுப் படியேறி வரும்போதெல்லாம் நின்று கேட்டுப் பார்த்தேன். அத்தான் வரும்போதும் கேட்டேன். அது இங்கே வருவதில்லை.

அக்கா


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

என் சுகத்தை விடு. நீ கோபப்படு, நியாயம்தான். நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், கடிதத்தில் பாதிதான் வருகிறது.

மேனேஜரிடம் விவரம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "போப்பா. கட்டடம் எங்கயும் ஓடிடாது" என்றார். பதினைந்து நாள் லீவு கொடுத்திருக்கிறார். கட்டடத்தைப் பார்க்க வந்தவர்கள் பூட்டை உடைத்து அந்த இரும்புக் கதவைத் திறந்தார்கள். பூனைதான். நீ அப்போதே சொன்னாய். கிழட்டுப் பூனை, கழுத்தைச் சுற்றிக் கயிறு மாதிரி ஒரு பழைய தழும்பு. எதிலோ மாட்டித் தொண்டை போயிருக்கிறது. ஆறாம் மாடியில் உடைந்த கண்ணாடி வழியாக வந்து குழாய்களில் இறங்குகிறது. எங்களைப் பார்த்ததும் ஓடிவிட்டது. மறுநாள் நான் படியேறும்போது பழையபடி இரண்டு தடவை கத்தியது. கத்தியதைக் கேட்டுவிட்டு மூன்றாம் மாடியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் இல்லை, அதனால் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லாதே. ரயில் தாமதமானால் காத்துக் கிடப்பாள். என்னோடு பேசமாட்டேன் என்றுதான் அவள் சொன்னாள், நான் பேசக்கூடாது என்று சொல்லவில்லை. நான் பேசிக்கொள்கிறேன்.

தம்பி


ஜூலை 1

மதிப்பிற்குரிய மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் கை கொஞ்சம் அசைகிறது. பேச்சு இன்னும் வரவில்லை.

லீவு முடிந்துவிட்டது. நான் வேலைக்குத் திரும்ப இயலாத நிலையில் இருக்கிறேன். புதுக் கட்டடத்தில் நிரந்தர வேலைக்கு என் பெயரைச் சொல்வதாக இருந்தீர்கள். அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. கட்டடத்தின் சாவிக்கொத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

காரணத்தை நீங்கள் கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு மூன்றாம் மாடி. நான் வருவது அம்மாவுக்குத் தெரியாது. அன்று காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் இரண்டிரண்டு படியாக ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மேலேயிருந்து கேட்டது. குட்டையாக, இரண்டு தடவை. அங்கேயே நின்றுவிட்டேன். மேலே கதவு திறந்தது. அக்கா கையில் ஊசியும் நூலுமாக ஓடிவந்து மாடிப்படி உச்சியில் நின்றுகொண்டு, "இதுவாடா அது?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் சும்மாவாவது கீழே இறங்கிப்போய் ஏறி வருகிறேன். ஒரு தடவைகூட அம்மாவின் அந்தச் சத்தம் தவறவில்லை. அதனால்தான் வர முடியவில்லை.

புதிதாக வருகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஐந்தாம் மாடிப் பெண்கள் கழிவறையில் கடைசிக் குழாய் இறுகிக் கிடக்கும், அதை விட்டுவிடாமல் திறக்கவேண்டும், அங்கேதான் முதலில் வற்றும். நாலாம் மாடியில் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் தட்டு இருக்கிறது, அதில் கொஞ்சம் பால் வைக்கவேண்டும். ஏறும்போது செருப்புச் சத்தம் கேட்கும்படி ஏறச் சொல்லுங்கள். மெல்ல ஏறினால் அதற்குத் தெரியாது.

இப்படிக்கு,
நாலாம் மாடிக்குப் பால் வைத்தவன்